ஓய்வு பெறும் படைவீரர்களுக்கு மனநலப் பரிசோதனை கட்டாயமா?

ஓமலூர் செல்வி:
சேலத்தில் முன்னாள் படைவீரர்கள் கூடினால் பென்ஷன், வீட்டுமனை, கேன்டீன் கார்டு பற்றித்தான் பேச்சு. தூக்கமில்லாமல் தவிப்பதையோ, செத்துவிடலாம் என்ற நினைப்பையோ யாரும் வாயில் எடுப்பதில்லை. ஊர் திரும்பிய முதல் வருடமே எல்லோருக்கும் மனநலப் பரிசோதனை நடத்த வேண்டும், கட்டாயமாக.

ஆத்தூர் ஹவில்தார்:
கட்டாயம் வேண்டாம்மா. ராணுவத்தில் மருத்துவத் தகுதியை 'ஷேப்' (SHAPE) என்று ஐந்து ஆங்கில எழுத்தில் பிரிப்பார்கள். முதல் எழுத்தே மனநிலைக்கு. அதில் தரம் இறங்கினால் பதவி உயர்வு அடிபடும். அந்தப் பயத்திலேயே வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு வருகிறோம். வெளியே வந்தால் தமிழக அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ வழியாகவோ வேறு வழியிலோ காவலர் வேலை. துப்பாக்கியோடு நிற்கிறவர் பெயரில் மனநோய் என்று ஒரு தாள் வந்தால் பிழைப்பு என்னாவது?

நாகலூர்க்காரன்:
அண்ணே, எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் ராணுவம்தான். நாற்பதுக்குள் ஓய்வு. நாலு மணிக்கே எழுந்து திண்ணையில் நடப்பார், ராத்திரி ரம். ஒருநாள் மனைவியை உட்கார வைத்து, குடும்ப ஓய்வூதியத்துக்கு எந்தத் தாளை எங்கே கொடுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பொறுப்பான மனுஷன் என்று அந்தம்மா நினைத்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நேராகவே கேட்டேன்: "செத்துடலாம்னு தோணுதா?" உடைந்து அழுதார். தேர்தல் சமயத்தில் ஒப்படைப்பது போல அவருடைய லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தோம், அப்புறம் சேலம் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு. இப்போது மாத்திரையோடு காபித் தோட்ட வேலைக்குப் போகிறார்.

ஆத்தூர் ஹவில்தார்:
நல்ல காரியம் தம்பி. ஆனால் அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடாதா?

ஓமலூர் செல்வி:
வராது சார். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை என்றுதான் மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள், பாரம்தான் இறங்கும். தாளுக்குப் பயப்படுகிறீர்கள். 2017 மனநலச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்றும் அதில் இருக்கிறது.

ஆத்தூர் ஹவில்தார்:
சட்டம் சரி. எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தாலே சேதி பரவிவிடும். அரசின் மனநல உதவி போன், 14416 டெலிமானஸ் நம்பரைத் தாராளமாகக் கொடுங்கள், இரவு பகல் தமிழில் பேசுகிறார்கள். கட்டாயப் பரிசோதனையில் எங்கள் ஆட்கள் "எல்லாம் நல்லா இருக்கு" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள்.

ஓமலூர் செல்வி:
போன் எடுக்கத் தெம்பில்லாதவரை என்ன செய்வது?

ஆத்தூர் ஹவில்தார்:
அவரோடு பணி செய்தவன் வீட்டுக்குப் போகட்டும். ஒன்றியத்துக்கு இரண்டு பேர் பயிற்சி எடுத்தால் போதும். ஆத்தூருக்கு நான் வருகிறேன்.