பரியாமான் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பணம்: மரியாதையா, வரதட்சணையா?

மெடான் முருகேசன்:
போன மாதம் இந்தோனேசியாவில், சுமத்ராவின் மேற்குக் கரையில் இருக்கும் பரியாமானுக்குப் போயிருந்தேன். என்னோடு வேலை பார்க்கும் மினாங்கபாவ் பெண்ணின் தங்கைக்குக் கல்யாணம். மினாங்கபாவ் இனத்தார் முஸ்லிம்கள், ஆனால் குலம் தாய்வழி. பூர்விக வீடும் வயலும் பெண்கள் வழியில்தான் இறங்கும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். பரியாமான் பக்கம் இன்னொன்றும் உண்டு: பெண் வீட்டார் பணத்தோடு போய் மாப்பிள்ளையை அழைத்து வர வேண்டும். 'உவாங் ஜெம்புத்தான்' என்கிறார்கள், அழைப்புப் பணம்.

பெண்ணின் தாய்மாமன் (அங்கே 'மாமக்') ஒரு பித்தளைக் காரானோவை நடுவில் வைத்தார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் அடுக்கிய, கால் வைத்த தட்டு. எதிர்ப்பக்க மாமக் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்ட பிறகுதான் பேச்சே தொடங்கியது. உறையில் 35 மில்லியன் ரூபியா, நம் பணத்தில் இரண்டு லட்சத்துக்குப் பக்கம். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அழுதுகொண்டே மகனின் தோளில் கிடந்த துணியைச் சரிசெய்தார். நம் ஊரில் பெண்ணை அனுப்பி வைக்கிற தாயின் முகம் அது. இதை வரதட்சணை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கயல்விழி:
அண்ணா, அந்த அம்மாவின் கண்ணீரை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் 35 மில்லியன் எப்படி முடிவானது என்று கேட்டீர்களா? அதே மேற்குச் சுமத்ராவின் பாடாங் நகரத்தில் நான்கு வருஷம் இருந்தவள் நான். ஒரு காலத்தில் சீடி, பாகிண்டோ, சூத்தான் என்று தகப்பன் வழியில் பட்டம் வரும் குடும்பத்துப் பையன்களுக்குத்தான் இந்தப் பணம். இன்று டாக்டர், இன்ஜினியர், போலீஸ், அரசு உத்தியோகம் என்று படிப்புக்கும் வேலைக்கும் ஏற்றபடி பேசுகிறார்கள். 'உவாங் ஹிலாங்' என்று இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. 'போன பணம்' என்று அர்த்தம். திரும்பி வராது. பெயரே சொல்லிவிடுகிறதே!

மெடான் முருகேசன்:
கயல், அங்கே மாப்பிள்ளையின் நிலை என்ன என்று பாருங்கள். வந்து சேர்ந்த ஆண், 'சுமாண்டோ'. அவனைப் பற்றி அவர்களிடம் ஒரு வழக்கு இருக்கிறது: வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மேல் கிடக்கும் சாம்பல் மாதிரி. காற்றடித்தால் போச்சு. மனைவியின் பூர்விக வீட்டில் அவனுக்கு உரிமை இல்லை. மணவிலக்கு என்றால் அவன்தான் துணிமணியோடு வெளியே போக வேண்டும். அப்படிப்பட்டவனை 'நீயாக வந்து ஒட்டிக்கொண்டவன் அல்ல, நாங்கள் அழைத்து வந்தவன்' என்று ஊரறியச் சொல்வதுதான் இது. நம் ஊரில் பெண் வீட்டையும் விட்டு, நகையையும் கொடுத்து, கடைசியில் அடியும் வாங்குகிறாள். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

நாகூரான்:
அஸ்ஸலாமு அலைக்கும். பாடாங்கில் நம் வம்சாவளியினர் வருஷா வருஷம் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டவர் பேரில் பள்ளிவாசலில் சர்க்கரைப் பொட்டலம் வீசுவார்கள், 'செராக் கூலோ' என்று. அதனால் அந்த ஊர்ச் செய்தி என்றால் எனக்குக் கொஞ்சம் சொந்தம் மாதிரி.

முருகேசன் பாய், மார்க்கப்படி மாப்பிள்ளைதான் பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டும். அங்கேயும் கொடுக்கிறார்கள். அப்படியிருக்க எதிர்த்திசையில் எதற்கு இன்னொரு பணம்? எங்கள் பக்கம் பெண் வீட்டாரிடம் கைக்கூலி (வரதட்சணைப் பணம்) வாங்கியவர்களும் 'சந்தோஷத்துக்குக் கொடுத்தது' என்றுதான் சொன்னார்கள். ஜமாஅத்தில் எழுந்து நின்று பேசி எத்தனையோ பேர் பகை சம்பாதித்த பிறகுதான் சில ஊர்களிலாவது நின்றது. மினாங்கபாவ் மக்களுக்கும் மாற்றத் தெரியும். மக்காவில் ஹரம் ஷரீஃபில் இமாமாக இருந்த அகமது காதிப் அந்த மினாங்கபாவ் மண்ணில் பிறந்தவர்தான். மருமக்களுக்கு, அதாவது சகோதரியின் பிள்ளைகளுக்கு, மட்டும் சொத்துப் போவதை அந்தக் காலத்திலேயே கடுமையாக எதிர்த்து எழுதினார். பிறகு 1952இல் புக்கித்திங்கியில் குலத்தலைவர்களும் உலமாக்களும் கூடி, பூர்விகச் சொத்து தாய்வழியிலேயே இருக்கட்டும், சம்பாதித்த சொத்து ஷரீஅத்படி பிள்ளைகளுக்கு என்று பிரித்தார்கள். நிலத்தையே அப்படிப் பேசித் தீர்த்தவர்களுக்கு ஒரு உறை பெரிய விஷயமா?

கிழக்கான்:
கிழக்கிலங்கையிலிருந்து எழுதுறன். எங்கட பக்கமும் கலியாணம் முடிச்சா மாப்பிள்ளை பொம்பிளை வீட்டுக்குத்தான். வீடு மகளுக்கு. கேட்க நல்லா இருக்கும், முருகேசன் அண்ணன். ஆனா அந்த வீட்டைக் கட்டுறது ஆர்? என்ட மூத்த நானா மூண்டு தங்கச்சிமாருக்கும் வீடு கட்டி முடிக்கக் கட்டாரில பதினாலு வருஷம் இருந்தார். அவர் கலியாணம் முடிக்கக்குள்ள வயசு முப்பத்தொன்பது. வீடு பொம்பிளைட பேரில இருக்கு எண்டதால சீதனம் மரியாதையாகிடாது.

கயல்விழி:
கிழக்கான் சொன்னதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. மினாங்கபாவ் பூர்விக நிலத்தை விற்கக் கூடாது. ஒற்றி வைக்கலாம், அதுவும் நாலே காரணத்துக்கு: வீட்டு நடுவில் பிணம் கிடந்து அடக்கம் செய்ய வழியில்லை என்றால், குலத்தின் பூர்விகப் பெரிய வீட்டுக் கூரை ஒழுகினால், குலத்தலைவர் பதவியை மறுபடி நிலைநாட்ட வேண்டியிருந்தால், வயது வந்த பெண் கல்யாணமாகாமல் இருந்தால். சாவுக்குப் பக்கத்தில் கல்யாணமாகாத பெண்ணை வைத்த பட்டியல் அது! பெண்ணுக்குச் சொந்தமான நிலத்தைப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடவே அடகு வைக்கலாம். இதில் அவளுக்கு என்ன பலம் அண்ணா?

இன்னொன்று. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறான், அதனால் அழைப்பு என்கிறீர்கள். இன்று பாதிப் பேர் 'மெரந்தாவ்', அதாவது பிழைப்புக்காக வெளியூர், போய் ஜகார்த்தாவிலோ பெக்கான்பாருவிலோ வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அவன் யார் வீட்டுக்கும் போகவில்லை. சாம்பலும் இல்லை, கட்டையும் இல்லை. பிறகு எதற்குப் பணம்?

மெடான் முருகேசன்:
நேற்று அந்தத் தோழியிடம் நேராகவே கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

தங்கையும் மாப்பிள்ளையும் சிங்கப்பூருக்குப் பக்கத்துத் தீவான பாத்தாமில்தான் இருக்கப் போகிறார்கள். அந்த 35 மில்லியன் தங்கையின் சொந்தப் பணம். பாத்தாமில் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஓவர்டைம் பார்த்து, மூன்று வருஷம் ஊருக்கு அனுப்பிச் சேர்த்தது. பணம் வேண்டாம் என்று மாப்பிள்ளையே சொல்லியிருக்கிறான். அவனுடைய மாமக்கும் சரி என்றிருக்கிறார். ஒத்துக்கொள்ளாதவர்கள் அவனுடைய பெரியம்மாக்கள். 'அழைக்காமல் போனான் என்று ஊர் சொன்னால் எங்கள் முகத்தை எங்கே வைப்போம்' என்று இரண்டு ராத்திரி பேசினார்களாம். கல்யாணத்துக்குப் பிறகு பெண் மாமியாரைப் பார்க்கப் போனபோது வழக்கப்படி பதில் மரியாதையாக ஒரு வளையல் போட்டார்கள். நாலு எமாஸ். அங்கே ஒரு எமாஸ் இரண்டரை கிராம், அப்படியானால் ஒன்றே கால் சவரன். கொடுத்ததற்கு அது ஈடில்லை என்று தோழி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

அந்த வெற்றிலைத் தட்டையும் அழைப்பையும் நான் இன்னும் மதிக்கிறேன் கயல். அது போகக் கூடாது என்றுதான் சொல்வேன். உறைக்காக இனி வாதாட மாட்டேன்.

கயல்விழி:
தட்டு இருக்கட்டும் அண்ணா, நானும் அதைத்தான் சொல்கிறேன். அந்தத் தங்கைக்கு இன்னும் கல்யாணமாகாத தங்கைகள் யாராவது இருக்கிறார்களா?

மெடான் முருகேசன்:
ஒருத்தி இருக்கிறாள். பாடாங்கில் நர்சிங் படிக்கிறாள். வீட்டில் இப்போதே சீட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டார்களாம்.