முக்திநாத் (நேபாளப் பெருமாள் கோயில்) பயணம் – தாப்பா (மலேசியா) ஊர்க் குடும்பக் குழு

விமலா அக்கா (8:10): பெரியம்மா, பொக்காராவிலிருந்து முக்திநாத்துக்குப் பக்கத்து ஊரான ஜோம்சோமுக்கு விமான டிக்கெட் இருக்கிறதாம். இருபதே நிமிடம். நாளைக்குள் பணம் கட்டச் சொல்கிறார் ஏஜெண்டு.

பெரியம்மா (8:14): கட்டிவிடு அம்மா. நூற்றெட்டுத் திருப்பதியில் இதையாவது கண்ணால் பார்க்க வேண்டும். இந்த முட்டிவலியோடு நாள் முழுக்க ஜீப்பில் குலுங்க முடியாது.

சின்ன மாமா (8:15): அந்த வழியில்தானே விமானம் மலையில் மோதியது? கதிர், நீ சொல்லப்பா.

கதிர் (8:22): ஆமாம் மாமா. 2022 மே 29. கிளம்பிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, தொடர்பு அறுந்துவிட்டது. 22 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. மறுநாள்தான் 14,500 அடி உயரத்தில் கண்டுபிடித்தார்கள். 2016 பிப்ரவரியிலும் இதே வழி, இதே ட்வின் ஓட்டர் ரகச் சின்ன விமானம், 23 பேர், யாரும் பிழைக்கவில்லை. இரண்டு முறையும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த விமானம்தான் மேகத்துக்குள் போய் மலையில் மோதியது.

பெரியம்மா (8:24): ஓட்டுகிறவருக்கு மலை தெரியாதா ஐயா?

சின்ன மாமா (8:26): ரப்பர் தோட்டத்தில் விடியற்காலை பால் எடுக்க மரம் சீவப் போகும்போது பனியில் அடுத்த மரமே தெரியாதே அக்கா. தினம் தொடுகிற மரம்.

கதிர் (8:31): அதேதான். கேமரன் மலை ஏறும்போது ரிங்லெட் பக்கம் மூடுபனி இறங்கியதே, மாமா கார் சன்னலை இறக்கிச் சாலையில் போட்ட வெள்ளைக் கோட்டைப் பார்த்தே ஊர்ந்தார். அப்புறம் ஓரமாக நிறுத்திவிட்டார். விமானத்தை நிறுத்த முடியாது. ஜோம்சோம் வழியில் ஒரு பக்கம் அன்னபூர்ணா, மறுபக்கம் தௌலகிரி, இரண்டும் 8,000 மீட்டருக்கு மேல். திரும்ப இடம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம் என்று போனால் பள்ளத்தாக்கு குறுகிவிடும்.

விமலா அக்கா (8:33): மலை நெருங்கினால் கத்தும் எச்சரிக்கைக் கருவி இருக்குமே?

கதிர் (8:37): இருக்கும் அக்கா. ஆனால் அங்கே மலையைக் கண்ணால் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். மலையை ஒட்டிப் பறந்தால் கருவி அடிக்கடி கத்தும். கேட்டுக் கேட்டுப் பழகியவர் காதில் உண்மையான எச்சரிக்கை ஏறாது.

கதிர் (8:41): நீங்கள் அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். 11 ஜோம்சோம், 12 தரிசனம், 13 காட்மாண்டு, 14 கோலாலம்பூர். ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. எனக்குப் பயமே அதுதான். எல்லோரும் அவசரத்தில் இருந்தால், போயே ஆக வேண்டும் என்ற நெருக்கடி ஓட்டுகிறவர் தலையிலும் விழும். நேரம் ஏற ஏற அந்தப் பள்ளத்தாக்கில் காற்று பலமாகும். அதனால் காலை முதல் விமானம் எடுங்கள். பொக்காராவில் இரண்டு நாள் கூடுதலாக வையுங்கள். விமானம் ரத்தானால் யாரிடமும் சண்டை போடாதீர்கள்.

சின்ன மாமா (8:43): அந்த இரண்டு நாள் ஹோட்டல் காசு என்னுடையது.

பெரியம்மா (8:47): சரி ஐயா. மேகம் விலகும்வரை பொக்காராவிலேயே உட்கார்ந்து நாமம் சொல்கிறேன். முடியவே இல்லை என்றால் ஜீப்தான், முட்டிக்குத் தைலம் எடுத்துக்கொள்கிறேன். விமலா, தேதியை மாற்றச் சொல்.

விமலா அக்கா (8:48): இப்போதே அழைக்கிறேன்.

பெரியம்மா (8:52): கேமரன் மலை பிரிஞ்சாங் பசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) வாங்கிய கம்பளிச் சட்டை யார் வீட்டில் இருக்கிறது?