ஒரே ரெக்கார்டு இரண்டு தடவை வருகிறதா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஆர்டர் பட்டியலில் சில ஆர்டர்கள் மட்டும் திரும்பத் திரும்ப வந்தன. எல்லாமே இரட்டித்திருந்தால் உடனே பிடித்திருக்கலாம். சிலது மட்டும் என்பதுதான் படுத்தியது. ஆர்டர்ஸ் டேபிளோடு ஐட்டம்ஸ், பேமென்ட்ஸ் இரண்டையும் லெஃப்ட் ஜாயின் செய்த (ஆர்டர் ஐடியைப் பொருத்தி இணைத்த) பழைய குவெரி அது, அதாவது டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை. டீமில் ஒருவர் டிஸ்டிங்க்ட் (ஒரே மாதிரி வரிகளில் ஒன்றை மட்டும் காட்டச் சொல்வது) சேர்த்தார், பட்டியல் சுத்தமானது, டிக்கெட்டை மூடிவிட்டார்கள். மாதக் கடைசியில் அக்கவுண்ட்ஸ்காரர்கள் வந்து நின்றார்கள்: ரிப்போர்ட்டில் வசூல் கூடுதலாகக் காட்டுகிறதாம்.

ஒரே ஒரு ஆர்டரின் ஐடியைப் போட்டு, டிஸ்டிங்க்டைத் தூக்கிவிட்டு ஓட்டினேன். அந்த ஆர்டரில் 3 ஐட்டம். பணம் 500, 500 என்று 2 தவணை. வந்ததோ 6 ரோ (வரி)! ஐட்டத்துக்கும் பேமென்ட்டுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது, ஆனாலும் ஒன்றையொன்று பெருக்கிவிட்டன. 1000 வர வேண்டிய சம் (கூட்டுத்தொகை) 3000 ஆனது இப்படித்தான். சம்முக்குள்ளேயே டிஸ்டிங்க்ட் போடலாமே என்றார்கள். இரண்டு தவணையும் ஒரே தொகை என்பதால் 500 மட்டும் வரும். அது இன்னும் ஆபத்து, சரியான கணக்கு மாதிரியே தெரியும். பேமென்ட்ஸைத் தனி சப்குவெரியில் (குவெரிக்குள் இன்னொரு குவெரி) ஆர்டர் ஐடி வாரியாகக் கூட்டி, ஆர்டருக்கு ஒரே ரோவாக்கிய பிறகு ஜாயின் செய்ததும் சரியானது. ஐட்டம்ஸுக்கும் அதே வைத்தியம். இப்போது ரிவ்யூவில் டிஸ்டிங்க்டைப் பார்த்தாலே, எந்த டேபிளால் பெருகுகிறது என்று கேட்டுவிடுகிறேன்.

---

நான் பார்த்த கேஸில் குவெரி மேல் தப்பே இல்லை. ரோ எண்ணிக்கை சரி, ஆனால் ஒவ்வொரு மதிப்பும் இரண்டு தடவை பிரிண்ட் ஆகும். பிஎச்பியில் ரோவை எடுத்துத் தரும் மைஎஸ்கியூஎல்ஐ ஃபெட்ச் அரே ஃபங்ஷன், தனியாக எதுவும் சொல்லாவிட்டால், டேபிளின் ஒவ்வொரு நெடுவரிசையையும் எண்ணாலும் பெயராலும் தரும். ஃபாரீச் லூப்பில் ஒவ்வொன்றாக ஓட்டினால் இரண்டும் வந்து விழும். பிஎச்பியில் டேட்டாபேஸோடு பேசும் இன்னொரு வழியான பிடிஓவிலும் டிஃபால்ட் அதேதான். ஃபெட்ச் அசோக் (பெயரால் மட்டும் தருவது) என்று மாற்றியதும் தீர்ந்தது. குவெரியை முதலில் டேட்டாபேஸில் நேரடியாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள், பாதி அலைச்சல் மிச்சம்.

---

இங்கே ஜாயினே கிடையாது, ஒற்றை டேபிள். முதல் பக்கத்தில் வந்த ரோ இரண்டாம் பக்கத்திலும் தலைகாட்டியது. வரிசைப்படுத்தச் சொல்லும் 'ஆர்டர் பை' பகுதியில் தேதி மட்டும். பல்க் இம்போர்ட்டில் ஏறிய ரோக்களுக்கெல்லாம் ஒரே நேரம். சமமாக இருப்பவற்றை எந்த வரிசையில் தரும் என்பதற்கு மைஎஸ்கியூஎல்லோ போஸ்ட்கிரெஸ்ஸோ உத்தரவாதம் தருவதில்லை. ஆஃப்செட் (எத்தனை ரோவைத் தாண்டி எடுப்பது என்பது) மாறினால் வரிசையும் மாறலாம். கடைசியில் ஐடியையும் சேர்த்ததும் அடங்கியது. டூப்ளிகேட்டாவது கண்ணில் பட்டது. அதற்குப் பதிலாக எந்தப் பக்கத்திலும் வராமல் போன ரோவைப் பற்றி ஒருவரும் புகார் சொல்லவில்லை.

---

டேபிளிலேயே இரண்டு ரோ உட்கார்ந்திருந்தால்? சேவ் பட்டனை டபுள் கிளிக் செய்யும் ஆட்கள் எங்களுக்கு நிறைய. பட்டனை டிசேபிள் செய்தால் மட்டும் போதாது, ஒரே மதிப்பு இரண்டாவது தடவை ஏறாமல் தடுக்கும் யுனிக் இண்டெக்ஸ் வேண்டும். அந்த நெடுவரிசையில் நல் (மதிப்பே இல்லாத நிலை) இருந்தால் மைஎஸ்கியூஎல் எத்தனை ரோவையும் விட்டுவிடும், அதனால் நல்லை அனுமதிக்காத நாட் நல்லும் சேர்த்துப் போடுங்கள்.