எல்லாரும் பொழங்கற ஹாலுக்கு கம்மி வெலைல ஹோம் தியேட்டர்: கொங்குப் பக்கம் ஊருக்கு ஒருத்தரா, எடுத்தவங்க அனுபவம்

கோபி பக்கத்துல இருந்து:

நம்மூர்ல ஹோம் தியேட்டர் எடுக்கப் போனா கடைக்காரரு எத்தன வாட்ஸ்னுதான் ஆரம்பிப்பாரு, நாமளும் அதையேதான் கேப்போம். எங்க வீட்டு நெலமைக்கு அது ரெண்டாவது கேள்விங்க. எங்குளுது தார்சு வீடு, ஹால் 12க்கு 16 அடி, டிவியும் அங்கதான், ஆத்தாவோட கட்டலும் அங்கதான், பையன் பத்தாவது படிக்கறதும் ஒறம்பரை வந்தா பாய் விரிக்கறதும் எல்லாம் அதே ஹால்தான். ஆத்தாவுக்கு காது கொஞ்சம் மந்தம், புது டிவி வந்ததுல இருந்து வசனம் புரியலைன்னு சத்தத்த ஏத்திக்கிட்டே போவாங்க, ஏத்துனா பாட்டும் சண்டையும் காதைப் பொளக்கும், பையன் புக்கை எடுத்துட்டு மொட்ட மாடிக்குப் போயிருவான். இப்ப வர்ற ஒல்லி டிவில ஸ்பீக்கரை அடிலயோ பின்னாலயோ வெச்சர்றாங்க, சத்தம் செவுத்துல மோதி சுத்தித்தான் நம்மகிட்ட வருது.

அதனால கம்மி சத்தத்துல பேச்சு தெளிவா கேக்கோணும், அதுதான் எங்க தேவை. 5.1 படத்துல (அஞ்சு ஸ்பீக்கருக்கும், கும்முங்கற அடிச் சத்தத்துக்குன்னே இருக்கற சப்வூஃபர் பெட்டிக்கும் சத்தத்தப் பிரிச்சு வெச்சது) பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கர்லதான் வரும். ரெண்டு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் மட்டும் இருக்கற 2.1 செட்டுல நடு ஸ்பீக்கரே கெடையாது, ரெண்டு பக்கமும் ஒண்ணா அடிச்சு நடுவுல இருந்து வர்ற மாதிரி காட்டும், டிவிக்கு நேரா உக்காந்திருக்கறவங்களுக்கு அது சரியா இருக்கும், ஓரத்துக் கட்டல்ல படுத்திருக்கற ஆத்தாவுக்கு ஒரு பக்கமா இழுத்துட்டுப் போகும். நம்ம ஹால்ல நடுவுல உக்கார்றது எத்தன பேருங்க? நடுவுல தனி சேனல் இருக்கற சவுண்ட்பாரும் (டிவிக்கு அடில வெக்கற நீட்டு ஸ்பீக்கர்) ஒரு சப்வூஃபரும்னு முடிவு பண்ணிட்டுத்தான் கோயமுத்தூர் காந்திபுரத்துக்கு பஸ் ஏறுனோம், பட்ஜெட் 20,000க்குள்ள.

கடைல அவிங்க போடற டெமோவ நம்பாதீங்க, ஹெலிகாப்டரும் வெடியும் எந்த செட்டுலயும் நல்லாத்தான் இருக்கும். நானு பென்டிரைவ்ல நாலு பேரு மெதுவா பேசிக்கற சீன் கொண்டு போயி, வால்யூமை நல்லா கொறைக்கச் சொல்லி, ஓரமா நின்னு கேட்டேன். இந்த ஒரு டெஸ்ட்லயே வெல அதிகமான ரெண்டு செட்டு கழிஞ்சிருச்சு. பெட்டில பிஎம்பிஓன்னு ஆயிரக்கணக்குல போட்டிருந்தா அதைக் கண்டுக்காதீங்க, அது ஒரு நொடி கூட தாங்காத கணக்கு. ஆர்எம்எஸ், அதாவது விடாம ஓட்டுனா தாங்கற வாட்ஸ், எவ்வளவுன்னு கேளுங்க, அதுலயும் வாட்ஸ் ரெண்டு மடங்கானா 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு ரெண்டு மடங்கா தெரியறதுக்கு பத்து மடங்கு வாட்ஸ் வேணும். நம்ம ஹாலுக்கு அதெல்லாம் எதுக்குங்க.

எங்க வீட்டுல சண்டைய நிறுத்துனது ரெண்டு விசயம். ஒண்ணு எச்டிஎம்ஐ ஏஆர்சி, டிவி சத்தத்த எச்டிஎம்ஐ வயர்லயே பாருக்கு அனுப்பற வசதி, டிவில ஏஆர்சின்னு எழுதியிருக்கற போர்ட்ல சொருகிட்டா டிவி ரிமோட்லயே பாரோட சத்தமும் கூடும் கொறையும், ஆத்தா கைல ஒரே ரிமோட் போதும். இன்னொண்ணு நைட் மோடு. அதைப் போட்டா பெரிய சத்தம் அமுங்கி சின்ன சத்தம் மேல வரும், பேச்சுக்கும் வெடிக்கும் நடுவுல இருக்கற பள்ளம் மேடு கொறைஞ்சிரும். பையன் படிக்கறப்ப இப்ப அதுலதான் ஓடுது.

திருப்பூர்:

கோபி அண்ணா, உங்குளுக்கு உங்க வீட்டு ஆளுங்கதான் பிரச்சனை. எங்குளுக்கு செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க. லைன் வீடுங்க, ஒரே வரிசைல ஆறு வீடு, நடுவுல இருக்கறது நாலரை இஞ்ச் செவுருதான். பக்கத்து வீட்டு அக்கா பனியன் கம்பெனில நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து பகல்ல தூங்கறவங்க, அப்பறம் எப்படிங்க ஞாயித்துக்கெழம மத்தியானம் சப்வூஃபர் போடறது?

செவுரு பேச்சு சத்தத்த ஓரளவுக்கு நிறுத்திரும், பேஸை, அதாவது சப்ல வர்ற கும்முங்கற சத்தத்த, நிறுத்தாது. 50 ஹெர்ட்ஸ் சத்தத்தோட ஒரு அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம், நம்ம ரூமை விடப் பெருசு, அதுக்கு நாலரை இஞ்ச் செவுரெல்லாம் ஒரு பொருட்டே கெடையாது. சப்புக்கு அடில ரப்பர் மேட் போட்டா தரை அதிர்றது கொறையும், காத்து வழியா போறது அப்படியேதான் போகும். அதனால நானு சப்பே இல்லாம ரெண்டு பவர்டு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் (ஆம்ப் உள்ளயே இருக்கற சின்னப் பெட்டி) எடுத்தேன், டிவிக்கு ரெண்டு பக்கமும் காது ஒசரத்துக்கு வெச்சு, பொதுச் செவுத்துல ஒட்டாம ஒரு அடி தள்ளி வெச்சிருக்கறேன். செவுத்தோட ஒட்டுனாலும் மூலைல வெச்சாலும் பேஸ் தானா ஏறிக்கும், சப் வெச்சிருக்கறவங்களும் இதைக் கவனிச்சுக்கோங்க.

குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் 45னு 2000ல வந்த ஒலி மாசு விதியிலயே இருக்குது. ஆனா விதிக்காக இல்லீங்க, அந்த அக்கா தூக்கம் கெட்டு மறுக்கா ராத்திரி மெசின்ல உக்காரோணும், அதை நெனச்சாலே நமக்கு கை வால்யூம் பட்டனுக்குப் போகாது.

ஈரோடு:

வணக்கமுங்க. கடை செட்டையே எல்லாரும் பேசறீங்க, நம்ம பக்கம் அசெம்பிள் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) செஞ்சு குடுக்கறவங்க இன்னும் இருக்கறாங்க, அதையும் சொல்லீர்றேன். எங்க வீட்டுல ஓடறது அதுதான். 4440 போர்டுன்னு சொல்லுவாங்கல்ல, அதுல இருக்கற ஐசி (சிப்) ரெண்டு சேனல்லயும் ஒவ்வொண்ணுக்கு 6 வாட்ஸ், ரெண்டையும் ஒண்ணாக்கி பிரிட்ஜ் பண்ணுனா 19 வாட்ஸ், காயிதத்துல பாத்தா ஒண்ணுமே இல்ல, ஆனா சென்சிட்டிவிட்டி நல்லா இருக்கற, அதாவது கம்மி வாட்ஸ்லயே நல்லா சத்தம் குடுக்கற, பழைய ஸ்பீக்கர் பெட்டில போட்டா எங்க ஹாலுக்கு அது தாராளம். 5.1 வேணும்னா சத்தத்த சேனல் சேனலா பிரிக்கற டிகோடர் போர்டு தனியா வாங்கி டிவில இருந்து ஆப்டிகல் வயர் குடுக்கோணும், டிவி செட்டிங்ல ஆடியோ அவுட்டை டால்பி டிஜிட்டல்னு மாத்தோணும், பிசிஎம்ல விட்டா ஆப்டிகல்ல ரெண்டு சேனல்தான் வரும். நெறையப் பேரு இதைப் பாக்காம போர்டுல பழி போடுவாங்க.

கரண்ட் விசயம் முக்கியமுங்க. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஓட்டுனா டிரான்ஸ்பார்மர் ஆம்ப் கொர்ர்ர்னு எரையும், சைன் வேவ்ல அது இருக்காது. கரண்ட் இருக்கறப்பவும் ஹம்முனு எரைச்சல் வந்தா மொதல்ல கேபிள்காரன் வயரை செட்டாப் பாக்ஸ்ல இருந்து கழட்டிப் பாருங்க, நின்னுச்சுன்னா அது எர்த் லூப் (ரெண்டு பக்கம் எர்த் சேர்றதால வர்ற எரைச்சல்), ஆம்ப்ல குத்தமில்ல. 230 வோல்ட் சமாச்சாரம், பியூஸும் மூடுன கேபினட்டும் இல்லாத அசெம்பிள் செட்டை கொழந்தைங்க இருக்கற வீட்டுக்குள்ள விடாதீங்க.

பின்னால வெக்கற ரியர் ஸ்பீக்கர் வயர் தரைல ஓடறதும் அதே மாதிரிதான். எங்க அப்பாரு ஒருக்கா தட்டி விழப் பாத்தாரு, அன்னிக்கே கேசிங் போட்டு செவுத்தோரமா ஏத்தி விட்டாச்சு. வயசானவங்களும் நடை பழகற கொழந்தையும் இருக்கற ஹால்ல அதுக்கு வழி இல்லைன்னா ரியரே வேண்டாமுங்க, முன்னாடி மூணு சேனல் நல்லா இருந்தா போதும்.

சரவணம்பட்டி:

நாங்க மூணு பேரு வாடகை வீட்டுல இருக்கறோம், ஓனர் செவுத்துல ஆணி கூட அடிக்கக்கூடாதுன்னுட்டாரு. எங்க அனுபவத்துல ஒண்ணு சொல்றேன், மூணு பேரும் காசு போட்டு ஒரே செட்டா வாங்காதீங்க, காலி பண்றப்ப அது யாருதுன்னு வரும். சவுண்ட்பார் ஒருத்தனுது, டிவி ஒருத்தனுது, ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒருத்தனுதுன்னு பிரிச்சுக்கிட்டோம், யாரு போனாலும் அவன் பொருளை எடுத்துட்டுப் போயிரலாம். ஒருத்தனுக்கு வேலை அமெரிக்கா டீமோட, ராத்திரி பூரா போன் கால்ல இருப்பான், அவன் பேசிட்டு இருந்தா மத்தவங்க புளூடூத் ஹெட்போன் போட்டுக்கறதுன்னு பேசி வெச்சிருக்கறோம். ஹெட்போன் எடுக்கறதுக்கு முன்னாடி உங்க டிவில புளூடூத் இருக்குதான்னு பாத்துக்கோங்க, எல்லா பட்ஜெட் டிவிலயும் இருக்காது.

கரூர்:

ஸ்பீக்கரை மாத்தறதுக்கு முன்னாடி ஹால்ல ஒருக்கா கை தட்டிப் பாருங்க. டைல்ஸ் தரை, வெறும் செவுரு, கண்ணாடி சன்னலு, டங்குனு திருப்பி அடிக்குதா? அப்ப எந்த செட்டு வாங்குனாலும் பேச்சு கலங்கலாத்தான் கேக்கும். எங்க வீட்டுல நானு சொல்லி சொல்லி, சன்னலுக்கு கனமான ஸ்க்ரீன் துணிய மடிப்பு விழற மாதிரி அகலமா தெச்சுப் போட்டோம், கரூர்ல துணிக்கா பஞ்சம்? தரைல டிவிக்கும் சோபாவுக்கும் நடுவுல பவானி ஜமுக்காளம் ரெண்டு மடிப்பா. பேச்சு அப்பறம் தனியா தெரிய ஆரம்பிச்சுது, வால்யூமும் கொறஞ்சுது. பேஸுக்கு இதெல்லாம் ஒண்ணும் செய்யாதுங்க, அது கனமான மெத்தை மாதிரி இருந்தாத்தான் கொஞ்சமாச்சும் அடங்கும், திருப்பூர் தம்பி சொன்ன மாதிரி சப்ப நகத்தறதுதான் வழி.

இன்னொண்ணு, சத்தம் தலைக்கு மேல இருந்தும் வர்ற மாதிரி காட்டறதுக்கு மேல பாத்து அடிக்கற அட்மாஸ் பார் வெல எறங்கி வருதுன்னு நெறைய பேரு கேக்கறாங்க. அது சத்தத்த மட்டமான சீலிங்ல பட்டு எறங்க வெக்கறது. ஓட்டு வீட்டுல கூரை சாய்வு, சத்தம் எங்கயாவது சிதறிப் போயிரும். அந்தக் காசை அதுக்குப் போடாதீங்க.

கோபி பக்கத்துல இருந்து:

கரூர் அக்கா, கை தட்டிப் பாத்தனுங்க, எங்க ஹாலும் டங்குனுதான் சொல்லுது. வர்ற நோம்பிக்கு ஜமுக்காளம் எடுத்தர்றோம். சப் நகத்தறதுக்கு ஒரு வழி இருக்குது, நாங்க அதைத்தான் செஞ்சோம்: நாம உக்கார்ற எடத்துல சப்ப வெச்சு பாட்டை ஓட விட்டு, ஹாலோட ஓரமா குனிஞ்சு நடந்துட்டே கேளுங்க, எவத்த பேஸ் கும்முனு வீங்காம சமமா கேக்குதோ அவத்த சப்ப வெச்சர்றது. எங்குளுக்கு அது ஷோகேஸ் பக்கத்துல அமைஞ்சுது, ஆத்தா கட்டலுக்கு நேர் எதிர்ப்பக்கம்.