கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போன பட்டாளம்

குழு: நம்ம தெரு இயற்கைக் கூட்டம்

சனி

சிவகாமி ஆச்சி, 4:12
தோப்புக்கு வந்து சேர்ந்தாச்சு. கூடாரமும் போட்டாச்சு. சீயம் டப்பா வழியிலேயே காலி.

வைரவன், 4:15
கண்மாய்க் கரையிலேயே தங்குவதாகத்தானே பேச்சு? தோப்பில் என்னத்தைப் பார்ப்பது?

சிவகாமி ஆச்சி, 4:19
வேண்டாம் அண்ணே. கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயும் சேர்ந்த வேட்டங்குடி 1977இலிருந்து பறவைகள் சரணாலயம். விளக்கும் சத்தமுமாக நாம் அங்கே கிடந்தால் அடைய வருகிற பறவை எங்கே போகும்? இந்த ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. பகலில் பார்த்துவிட்டு வந்துவிட்டோம்.

வைரவன், 4:20
அதுவும் சரிதான்.

தெய்வானை ஆச்சி, 6:31
என் மகன் போனையே எடுக்க மாட்டேன் என்கிறான். சாப்பிட்டானா?

கதிரேசன், 6:38
சாப்பிட்டான் ஆச்சி. பைனாகுலரைத்தான் கீழே வைக்க மாட்டேன் என்கிறான். மத்தியானம் நத்தைக்குத்தி நாரை பக்கத்திலேயே நின்றது. அலகை மூடினாலும் நடுவில் சந்து, பாக்குவெட்டி மாதிரி. அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறது. சேற்றில் துழாவி நத்தையை எடுத்து, ஓட்டை விட்டுவிட்டுச் சதையை மட்டும் உருவிக்கொள்கிறது. குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் வரும். “பல் டாக்டர் கம்பி போட்டால் சேர்ந்துவிடுமா?” என்று கேட்கிறான்.

தெய்வானை ஆச்சி, 6:40
முதலில் அவனுக்குப் போட வேண்டியிருக்கு 😄

வைரவன், 6:44
வேறு என்னென்ன வந்திருக்கு?

கதிரேசன், 6:47
அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம், சாம்பல் நாரை. கூழைக்கடா கண்ணில் படவில்லை.

ஞாயிறு

சிவகாமி ஆச்சி, 7:40
📷 பிரான்மலை அடிவாரம். வேலியோரம் செங்காந்தள். இதழ் அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, ஓரமெல்லாம் நெளிநெளி. நாளாக ஆக முழுக்கச் சிவந்துவிடும். இலை நுனியைப் பெரிதாக்கிப் பாருங்கள், சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்திருக்கிறது.

வைரவன், 7:46
அட, கண்வலிக்கிழங்கு! ஒரு கிழங்கு கொண்டு வா ஆத்தா, மாடியில் வைக்கலாம்.

சிவகாமி ஆச்சி, 7:49
கிழங்கு முழுக்க விஷம் அண்ணே, விதையும் அப்படித்தான். உங்கள் பேரன் இப்போதுதான் தவழ்கிறான். அதிலிருந்து எடுக்கிற கொல்சிசின் என்கிற மருந்துக்காக மூலனூர்ப் பக்கம் பயிரே செய்கிறார்கள். இது காட்டில் தானாக வந்தது, இருந்துவிட்டுப் போகட்டும்.

கதிரேசன், 7:55
குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூ அடுக்குகிறாரே, முதல் பூவே ‘ஒண்செங் காந்தள்’தான். அவருடைய நண்பர் பாரியின் பறம்புமலை என்று சொல்வதும் இந்த மலையைத்தான்.

வைரவன், 7:57
பாரி தேர் கொடுத்த முல்லை?

சிவகாமி ஆச்சி, 7:58
இன்னும் பார்க்கவில்லை. பார்த்தாலும் கொடுக்க வழியில்லை அண்ணே, நம்முடையது வாடகை வேன்.

தெய்வானை ஆச்சி, 8:03
😂 எப்போது வருவீர்கள்?

சிவகாமி ஆச்சி, 8:05
மத்தியானச் சாப்பாட்டுக்கு. செருப்பை முகப்பிலேயே கழற்றச் சொல்லுங்கள், வளவுக்குள் விட்டுவிடாதீர்கள். அத்தனையும் கண்மாய்ச் சேறு.