அப்பா மல்லாந்து படுத்த இரவு

ஏற்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம். அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிவதற்கு முன்பே காலையில் முகம் உப்பியிருக்கும். கழுத்துப் பொத்தான் போட முடியாது. குனிந்து செருப்பு மாட்டினால் தலை வெடிக்கிறது என்பார். ஒரு கிளினிக்கில் அலர்ஜி என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரம் வீணாகப் போனது. இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

சேலத்தில் சிடி ஸ்கேன் எடுத்தபோதுதான் விளங்கியது. தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரையைக் கட்டி வெளியிலிருந்து நெருக்கியிருந்தது. நெஞ்சின் மேல் நீல நரம்புகள் புடைத்திருந்ததும் அதனால்தான். ரத்தம் சுற்று வழி தேடியிருக்கிறது.

படுத்தால் மூச்சு முட்டும். பதினைந்து நாளாக நாற்காலியிலேயே தூங்கினார். கீமோவில் கட்டி சுருங்க நாளாகும், அதுவரை தாங்கமாட்டார், ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்துவிடலாம் என்றார்கள். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்குள்ள சிரை வழியாக மெல்லிய கம்பியை மேலே அனுப்பி, நிக்கல் டைட்டானியம் வலைக்குழாயை அடைப்புக்குள் விரித்துவிட்டார்கள். அப்பா விழித்தேதான் இருந்தார்.

தலைபாரம் அன்றைக்கே இறங்கியது. இரவு ஒரே தலையணையோடு மல்லாந்து படுத்து, குறட்டை விட்டார். அம்மா தூங்காமல் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் முகம் பழைய முகம். கை வீக்கம் வடிய இன்னும் சில நாள் ஆனது.

"இது நோயைத் தொடாதுங்க, மூச்சுக்கும் தூக்கத்துக்கும்தான்" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பெரியப்பாவோ குணமாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அதைத் திருத்தத்தான் நான் பட்ட பாடு.

*

தம்பி, நான் அம்மாபேட்டை. எங்கள் அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். அடிவயிற்றுச் சிரை நெருக்கப்பட்டு இடது கால் தூண் மாதிரி வீங்கிவிட்டது. ஸ்டென்டுக்குப் பிறகு கால் லேசானது, ஆனால் முழுக்க வடியவில்லை. நிணநீர் வீக்கமும் சேர்ந்திருந்ததாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். அதை நாமாக நிறுத்தக் கூடாது. ஈறில் ரத்தம் வந்தாலும் மலம் கறுத்தாலும் உடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

*

சொன்னது நல்லதுங்க அக்கா. இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். மேற்பெருஞ்சிரை அடைத்திருந்தால் வீங்கிய கையில் டிரிப் போட வேண்டாம், காலில் போட முடியுமா என்று கேளுங்கள். எங்களுக்கு இதை ஒரு நர்ஸ் அக்காதான் சொன்னார்.

அப்பா அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தார். கடைசி வாரம் வரை கட்டிலில்தான் தூங்கினார்.