குளூட்டன் இல்லாத ஹாலோவீன் குக்கி பரவுது, கறுப்பு ஐசிங் வெள்ளையில் இறங்குது: உதவி தேவை

பிராம்ப்டன் அம்மா:
மகள் வகுப்பு ஹாலோவீன் பார்ட்டிக்கு 24 குக்கியும் 12 கப்கேக்கும் கொடுக்கணும். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு சீலியாக் நோய் (கோதுமை, பார்லியில் இருக்கிற குளூட்டன்ங்கிற புரதம் குடலைச் சேதமாக்கும்), அதனால் எதிலும் குளூட்டன் இருக்கக் கூடாது. பள்ளியில் கொட்டைகளுக்கும் தடை, பாதாம் மாவு போட முடியாது. முன்கூட்டியே செஞ்சு பார்த்ததில் இப்படி வந்திருக்கு:

குக்கி: கடையில் வாங்கின 1:1 (கோதுமை மாவுக்குப் பதிலா அதே அளவு போடுற) குளூட்டன் இல்லாத மாவு இரண்டரை கப், பட்டர் 1 கப், சர்க்கரை 1 கப், முட்டை 1, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன். உடையாம இருக்கட்டும்னு மாவைப் பிடிச்சு வைக்கிற சாந்தன் கம் பொடி 1 டீஸ்பூன் தனியா சேர்த்தேன். 350 டிகிரி ஃபாரன்ஹீட், 12 நிமிஷம். வௌவால் வடிவத்தில் வெட்டி வச்சா வட்டமா வருது, காது, சிறகு முனை எதுவும் மிஞ்சல. தட்டிலிருந்து எடுக்கும்போது உடையுது. வாயில் ரவை மாதிரி நறநறங்குது.

ஐசிங்: பாட்டில் கறுப்புக் கலர் எவ்வளவு விட்டாலும் சாம்பல் நிறம்தான். பேய் குக்கிக்கு வச்ச கண் காலையில் பார்த்தா வெள்ளைக்குள்ள கசிஞ்சு கிடக்கு.

கப்கேக்: விளக்குக்காகக் குடைஞ்ச பூசணிக்காயின் சதையை வேகவச்சு அரைச்சு ஒன்றரை கப் போட்டேன். மேலே வெந்து, நடுவில் பிசினா ஒட்டுது, ஆறினதும் குழி விழுது.

அலங்காரத்துக்கு எந்த மிட்டாய் நம்பி வைக்கலாம்னும் சொல்லுங்க.

மாவும் எடையும்:
குக்கியை முதலில் பார்க்கலாம். உங்கள் அளவில் பட்டர் அதிகம், பேக்கிங் பவுடர் தேவையே இல்லை. கோதுமையில் குளூட்டன் வலை மாவைப் பிடித்து வைத்திருக்கும். இங்கே அந்தப் பிடி இல்லை, அதனால் மாவுச்சத்து வெந்து இறுகுவதற்குள் பட்டர் உருகி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. பேக்கிங் பவுடர் அதை இன்னும் தள்ளிவிடுகிறது. காது போவதற்குக் காரணம் இந்த இரண்டும்தான்.

கப்பை ஒதுக்கிவிட்டுத் தராசை எடுங்கள். மாவு 350 கிராம், பட்டர் 150, பொடித்த சர்க்கரை 150, முட்டை 1, வெனிலா ஒன்றரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். பட்டரையும் சர்க்கரையையும் ஒன்று சேரும் வரை கலந்தால் போதும். வெளுத்து நுரைக்கும் வரை அடித்தால் காற்று ஏறும், அந்தக் காற்றும் அடுப்பில் பரவலாகத்தான் முடியும்.

1:1 என்று விற்கும் மாவுகள் பெரும்பாலானவற்றில் சாந்தன் கம் ஏற்கெனவே இருக்கும். பொருள் பட்டியலைப் படியுங்கள். பாப்ஸ் ரெட் மில் மாவு என்றால் நீலப் பை 1:1, அதில் உண்டு. சிவப்புப் பையில் வரும் ஆல் பர்ப்பஸ் கொண்டைக்கடலை மாவு சேர்ந்தது, அதில் இல்லை. இல்லாத மாவு என்றால் மட்டும் இந்த அளவுக்கு அரை டீஸ்பூன் சேருங்கள். கப்கேக்கிலும் அதே மாவுக்கு மேல் கம் போட்டிருந்தால், பிசினுக்கு அதுவும் ஒரு காரணம்.

நறநறப்பு அரிசி மாவு தண்ணீர் குடிக்காததால் வருவது. பிசைந்ததும் உடனே தேய்க்காமல் குறைந்தது 30 நிமிடம் மூடி வையுங்கள், ஒரு இரவு ஃபிரிட்ஜில் இருந்தால் இன்னும் நல்லது. பிறகு இரண்டு பார்ச்மென்ட் தாளுக்கு நடுவே 6 மி.மீ கனத்துக்குத் தேய்த்து, அந்தத் தகட்டை அப்படியே ஃபிரிட்ஜில் அரை மணி. அதற்குப் பிறகுதான் வெட்ட வேண்டும். வெட்டிய வடிவங்களைத் தட்டோடு ஃபிரீசரில் 15 நிமிடம் வைத்து நேராக அடுப்புக்குள் தள்ளுங்கள். 350 டிகிரியில் 9 முதல் 11 நிமிடம், ஓரம் லேசாக நிறம் மாறினால் எடுத்துவிடலாம். சூட்டோடு தொடவே கூடாது. 10 நிமிடம் தட்டிலேயே இருந்தால்தான் இறுகும், உங்களுக்கு உடைந்தது அதனால். இரண்டாவது சுற்றுக்குச் சூடான தட்டைப் பயன்படுத்தினால் ஃபிரீசரில் வைத்த பலன் போய்விடும்.

முதலில் ஒரே ஒரு வௌவாலைச் சுட்டுப் பாருங்கள். அப்போதும் பரவினால் மீதி மாவில் 2 மேசைக்கரண்டி மாவைச் சேர்த்துப் பிசையலாம். குளூட்டன் இல்லாததில் ஒரு லாபமும் உண்டு: வெட்டிய மிச்சத்தை எத்தனை முறை தேய்த்தாலும் குக்கி கடினமாகாது.

ஸ்காபரோ குசினி:
தங்கச்சி, கறுப்புக்குத் திரவக் கலர் விடவே விடாதேங்கோ. அதில தண்ணிதான் கூட. ஐசிங் இளகி, நிறமும் ஏறாது. ஜெல் கலர் வாங்குங்கோ.

ஐசிங் சீனி 454 கிராம், மெரிங் பவுடர் (காய்ஞ்ச முட்டை வெள்ளைப் பொடி) 3 மேசைக்கரண்டி, இளஞ்சூட்டுத் தண்ணி 5 மேசைக்கரண்டி. 7 முதல் 10 நிமிசம் அடிச்சால் கூரா நிக்கும். அதில பாதியை எடுத்து 2 மேசைக்கரண்டி கொக்கோ பவுடரைச் சலிச்சுப் போட்டுக் கலக்குங்கோ, முதல்ல மண்ணிறமா வரட்டும். அதுக்குப் பிறகுதான் கறுப்பு ஜெல், அரைத் தேக்கரண்டியில தொடங்குங்கோ. கடும் சாம்பல் வந்த உடனே நிப்பாட்டி, மேல பிளாஸ்டிக் தாளை ஐசிங்கைத் தொடுற மாதிரி ஒட்டி மூடி, இரவு முழுக்க விடுங்கோ. விடியக் கறுப்பாகிடும். ஆக்கள் அவசரப்பட்டு ஜெல்லைக் கொட்டுறதாலதான் ஐசிங் கைச்சு, காயாமல் ஒட்டிக்கொண்டு, பிள்ளையளின்ர பல்லும் நாக்கும் கறுத்துப் போறது.

கசியிறது ஈரத்தால. பேய்க்கு வெள்ளையை ஊத்தி, குறைஞ்சது 8 மணித்தியாலம் காய விட்டு, பிறகு கட்டியான கறுப்பால கண் வையுங்கோ. வௌவாலுக்குக் கறுப்பு முதல், அது முழுசாக் காய்ஞ்ச பிறகு வெள்ளை. மேசை விசிறியை மெல்லிய காத்தில வைச்சால் கெதியாக் காயும், மினுக்கமும் இருக்கும். காய்ஞ்சதைக் குளிர்பெட்டிக்குள்ள வைச்சு வெளியில எடுத்தால் வேர்க்கும், கறுப்பு திரும்பவும் இறங்கும்.

ஊத்துற ஐசிங்குக்குப் பதம்: கரண்டியால ஒரு கோடு கீறினால் 12, 15 செக்கனில மூடவேணும். அதைவிட இளகினால் ஓரத்தால வழியும். சிலந்தி வலைக்கு மட்டும் காய விடக்கூடாது. கறுப்பு ஈரமா இருக்கேக்கையே, அதே பதத்தில வெள்ளை வட்டங்கள் கீறி, பல்லுக்குத்தும் குச்சியால நடுவிலிருந்து வெளிய இழுக்கவேணும்.

கிச்சன் ராஜ்:
இவ்வளவு விலை கொடுத்து மாவு எதுக்கு? இடியாப்ப மாவும் ஜவ்வரிசி மாவும் கலந்தா போதாதா?

மாவும் எடையும்:
இந்த வேலைக்கு வேண்டாம். இடியாப்ப மாவு வறுத்தது, பச்சை அரிசி மாவைவிட அதிகமாகத் தண்ணீர் இழுக்கும், இதே அளவில் குக்கி வறண்டு பிளக்கும். வீட்டுக்கு மட்டும் என்றால் நைசாக அரைத்த பச்சரிசி மாவு 200 கிராம், உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 100, மரவள்ளி ஸ்டார்ச் 50, சாந்தன் கம் முக்கால் டீஸ்பூன். கம் கிடைக்காவிட்டால் இசப்கோலைப் பொடித்து 2 டீஸ்பூன். சில இசப்கோல் வெந்ததும் ஊதா நிறம் காட்டும். வேறு நாளில் அது குறை, ஹாலோவீனுக்கு யாரும் கேட்க மாட்டார்கள்.

குளூட்டன் இல்லா வீடு:
ராஜ், சீலியாக் பிள்ளைக்கு அதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மளிகைக் கடை அரிசி மாவு பலதும் ஆட்டா, ரவை பேக் செய்யும் அதே இடத்தில் பேக் ஆகிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சடிக்க, பொருளில் குளூட்டன் பத்து லட்சத்தில் 20 பங்குக்குள் இருக்க வேண்டும். அந்த அச்சு உள்ள மாவையே வாங்குங்கள். இது ஒவ்வாமை போல உடனே தடித்துக் காட்டாது, கொஞ்சம் துகள் போனாலும் சிறுகுடலின் உள்சுவர் சேதமாகும்.

நம் வீடுகளில் பெரிய எதிரி சப்பாத்திக் கட்டை. மரத்தின் துளைகளில் ஆட்டா தங்கிவிடும், கழுவினாலும் முழுக்கப் போகாது. பூரிப்பலகை, மர அகப்பை, மாவு சலிக்கும் சல்லடை எதையும் தொடாதீர்கள். கொக்கோ சலிக்கப் புதுச் சல்லடை, தேய்க்கச் சிலிகான் கட்டை அல்லது சுத்தமாகக் கழுவிய கண்ணாடி பாட்டில். கீறல் விழுந்த தட்டில் புதுப் பார்ச்மென்ட். அன்று சப்பாத்தி போடுவதானால் குக்கி முடிந்த பிறகு போடுங்கள், ஆட்டா தூசி காற்றில் நிற்கும். அச்சுக்குத் தெளிக்கும் பேக்கிங் ஸ்பிரே சிலவற்றில் கோதுமை மாவே கலந்திருக்கும். சமையல் எண்ணெயைத் தடவினால் வம்பில்லை.

மிட்டாய்க்கு வருவோம். கிட்கேட்டில் கோதுமை வேஃபர், டிவிஸ்லர்ஸில் கோதுமை மாவு. சாதாரண ரைஸ் கிரிஸ்பீஸ் அரிசிதானே என்று ஏமாற வேண்டாம், அதில் பார்லி மால்ட் உண்டு. கனடா லேபிளில் பார்லி, ரை உட்பட குளூட்டன் தரும் தானியத்தின் பெயரைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் இந்தத் தானியங்களில் கட்டாய ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பது கோதுமை மட்டும். எல்லை தாண்டி வாங்கி வந்த பாக்கெட் என்றால் பட்டியலில் 'மால்ட்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். மிட்டாய்க் கண், ஸ்பிரிங்கிள்ஸ் எல்லாமே பிராண்டுக்குப் பிராண்டு மாறும். வழக்கமான மிட்டாய் சரி என்பதால் அதன் ஹாலோவீன் வடிவமும் சரி என்று எடுக்க வேண்டாம், அது வேறு இயந்திரத்தில் போயிருக்கலாம். எப்போதோ திறந்த ஸ்பிரிங்கிள்ஸ் ஜாடி வேண்டவே வேண்டாம், மாவுக்கை அதற்குள் போயிருக்கும்.

இதற்கெல்லாம் முன், ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பல பள்ளிகள் வீட்டில் செய்ததை வாங்குவதில்லை. அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் பொருட்களின் லேபிள் படங்களை அனுப்பினால் அவர் முடிவு செய்வார்.

மாவும் எடையும்:
கப்கேக் விட்டுப்போனது. விளக்குக்கு விற்கும் பூசணி நாரும் தண்ணீருமாக இருக்கும், சுவையும் குறைவு. டின் பூசணி விழுது வாங்குங்கள், 398 மி.லி டின் ஒன்று போதும், மிச்சமும் ஆகும். பக்கத்து அடுக்கிலேயே 'பை ஃபில்லிங்' இருக்கும், அதில் சர்க்கரையும் மசாலாவும் சேர்ந்துவிட்டன, எடுக்காதீர்கள். வீட்டு விழுதுதான் வேண்டுமென்றால் அகலமான சட்டியில் கிளறி, 400 கிராம் 280 ஆகும் வரை வற்றவிட்டு, ஆறவைத்துப் போடுங்கள்.

12 கப்கேக்குக்கு மாவு 200 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சோடா உப்பு அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், பட்டை சுக்கு ஜாதிக்காய்ப் பொடி சேர்ந்து 2 டீஸ்பூன், முட்டை 2, பழுப்புச் சர்க்கரை 150 கிராம், எண்ணெய் 120 மி.லி, பூசணி விழுது 200 கிராம். உங்கள் ஒன்றரை கப் இதில் கிட்டத்தட்ட இரு மடங்கு. கலந்து 20 நிமிடம் வைத்து, அச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஊற்றி, 350 டிகிரியில் 20 முதல் 22 நிமிடம். குச்சி சுத்தமாக வருவதை மட்டும் நம்பாதீர்கள், அரிசி மாவு கேக்கில் அது பொய் சொல்லும். நடுவில் வெப்பமானி 205 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் எடுக்கலாம். அச்சிலேயே 5 நிமிடத்துக்கு மேல் விட்டால் அடிப்பக்கம் வேர்த்து மறுபடி பிசினாகும்.

பிராம்ப்டன் அம்மா:
உங்க அளவில் குக்கி செஞ்சேன். காது நிக்குது, நறநறப்பும் இல்லை. ஃபிரிட்ஜில் ஒரு இரவு வச்ச மாவைத் தேய்க்கும்போதுதான் ஓரமெல்லாம் வெடிக்குது. மேலும், கப்கேக் மேல வைக்க சுலபமா ஏதாவது உண்டா? எல்லாத்துக்கும் கண்ணு மூக்கு வரைஞ்சா விடிஞ்சிடும்.

மாவும் எடையும்:
பட்டர் கல்லாக இருக்கிறது, அவ்வளவுதான். வெளியே 15 நிமிடம் வைத்து, கையால் நான்கைந்து முறை பிசைந்து தேயுங்கள். அப்படியும் வெடித்தால் பால் 1 டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். அடுத்த முறை பிசைந்த உடனே வெளியிலேயே 30 நிமிடம் ஊறவைத்து, தேய்த்துத் தகடாக ஃபிரிட்ஜில் வையுங்கள், இந்தச் சிக்கலே வராது.

ஸ்காபரோ குசினி:
மேல வைக்க மெரிங் பேய்தான் சுகம். மா ஒண்டும் இல்லாததால குளூட்டன் கவலையும் குறைவு. முட்டை வெள்ளை 2, கிரீம் ஆஃப் டார்டார் கால் தேக்கரண்டி. நுரைச்ச பிறகு சீனி 120 கிராமை ஒவ்வொரு கரண்டியாப் போட்டு அடியுங்கோ. இரண்டு விரலுக்கு நடுவில உரஞ்சிப் பார்த்தால் சீனி தட்டுப்படக் கூடாது. கரையாத சீனிதான் பிறகு பாகா வடியும். ஐசிங் பிழியிற கோன் பையில போட்டு நேர மேல தூக்கிப் பிழிஞ்சால் பேய் வந்திடும். 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில ஒன்றரை மணித்தியாலம், பிறகு அடுப்பை நிப்பாட்டி, கதவு திறக்காமல் ஆறும் வரைக்கும் உள்ளுக்கே விடுங்கோ. மழை நாளில செய்யாதேங்கோ. கண்ணுக்கு உருக்கின சொக்லேட்டைக் குச்சியால தொட்டு இரண்டு புள்ளி, லேபிளைப் பார்த்து வாங்கினதா இருக்கட்டும். கப்கேக் கிரீமுக்கு மேல முதல் நாளே வைச்சால் ஈரம் இழுத்துச் சாய்ஞ்சிடும். தனி டப்பாவில கொண்டு போய், பார்ட்டிக்கு அரை மணித்தியாலத்துக்கு முன்னம் அங்க வைச்சே குத்துங்கோ.

குளூட்டன் இல்லா வீடு:
பார்ட்டி வெள்ளிக்கிழமை என்றால், குக்கியைச் செவ்வாய், புதன் சுட்டாலும் அதுவரை காற்றுப் புகாத டப்பாவில் நன்றாக இருக்கும், ஐசிங்கே அதற்கு மூடி. கப்கேக் சீக்கிரம் வறளும், முதல் நாள் மாலைதான் சரி. பொதுமேசையில் வேறு பலகாரமும் வருமானால் அந்தப் பிள்ளையின் பங்கைத் தனி டப்பாவில் போட்டு, பெயர் எழுதி, ஆசிரியர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பரிமாறும் இடுக்கி ஒன்று கேக்கிலிருந்து கேக்குக்குப் போனால் நீங்கள் பட்ட பாடெல்லாம் வீண்.